ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிப்பது: சாரி, ரிக்ரெட், அப்பாலஜைஸ்... எதை எங்கே போடுவது?

தாழம்பூ:

தமிழில் ‘வருந்துகிறோம்’ என்ற ஒரே சொல்லை வைத்துத் தாமதம், மறுப்பு, துக்கம் மூன்றையும் ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்களில் இந்த இடம்தான் அடிக்கடி இடறுகிறது. மாதிரிக்கு ஒன்று:

‘வி ரிக்ரெட் ஃபார் த டிலே இன் சென்டிங் யுவர் ஆர்டர். வி ஃபீல் சாரி ஃபார் யூ. கைன்ட்லி எக்ஸ்க்யூஸ் அஸ் இஃப் எனி இன்கன்வீனியன்ஸ் வாஸ் காஸ்ட்.’

இதில் எது இலக்கணப் பிழை, எது பிழையில்லாமலே காதில் உறுத்துவது? கூடவே இரண்டு சந்தேகங்கள். ‘ரிக்ரெட் டு ஸே’, ‘ரிக்ரெட் ஸேயிங்’ இரண்டும் ஒன்றா? பிரிட்டிஷ்காரர்கள் எதற்கெடுத்தாலும் ‘ஐம் அஃப்ரெய்ட்’ என்கிறார்களே, அங்கே பயம் எங்கிருந்து வந்தது?

---

ஒற்றெழுத்து:

முதலில் ரிக்ரெட். வினையாக வரும்போது அதன் பின்னால் ‘ஃபார்’ வராது. எதற்கு வருத்தமோ அது நேராக ஒட்டும்: ‘வி ரிக்ரெட் த டிலே’. தமிழில் ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று நான்காம் வேற்றுமை போட்டுப் பழகியதால் அந்தக் ‘கு’ ஆங்கிலத்தில் ‘ஃபார்’ ஆக முளைக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால் கதை வேறு. ‘எக்ஸ்பிரஸ்டு ரிக்ரெட் ஃபார் த டிலே’ சரி. ‘ஓவர்’, ‘அட்’, ‘அபௌட்’ போட்டாலும் சரி.

‘டு’வா, ‘இங்’கா என்பது அலங்கார வேறுபாடு இல்லை, காலமே மாறிவிடும்.

‘ஐ ரிக்ரெட் ஸேயிங் தட்’ என்றால் சொல்லியாயிற்று, சொன்னதை நினைத்து இப்போது வருந்துகிறேன். ‘ஐ ரிக்ரெட் டு ஸே’ என்றால் இன்னும் சொல்லவில்லை. அடுத்த சொற்களில் ஒரு கெட்ட செய்தி வரப்போகிறது. இந்த ‘டு’ வடிவம் பெரும்பாலும் செய்தி சொல்லும் வினைகளோடுதான் சேரும்: ஸே, டெல், இன்ஃபார்ம், அனவுன்ஸ், அட்வைஸ், ரிப்போர்ட் போன்றவை. அதனால் ‘ஐ ரிக்ரெட் டு செல் மை கார்’ என்று எழுதினால் காரை விற்றதற்கு வருந்துகிறார் என்று யாருக்கும் படாது, வாக்கியமே குழம்பும். விற்றாகிவிட்டது என்றால் ‘ரிக்ரெட் செல்லிங்’. ‘ரிக்ரெட் ஹாவிங் சோல்டு’ என்று நீட்டலாம், பொருள் அதுவேதான், கொஞ்சம் விறைப்பு கூடும்.

‘நாட்’ எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். ‘ஐ ரிக்ரெட் நாட் டெல்லிங் ஹிம்’: அவரிடம் சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறேன். ‘ஐ டோன்ட் ரிக்ரெட் டெல்லிங் ஹிம்’: சொன்னேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. இடம் மாறினால் பொருள் தலைகீழ்.

பன்மையில் வரும் ‘ரிக்ரெட்ஸ்’ தனிச் சரக்கு. அமெரிக்க அழைப்பிதழின் அடியில் ‘ரிக்ரெட்ஸ் ஒன்லி’ என்றிருந்தால், வர முடியாதவர்கள் மட்டும் தெரிவித்தால் போதும், வருகிறவர்கள் பதில் போட வேண்டாம் என்று பொருள். பிரிட்டனில் கூட்டத்துக்கு வர முடியாதவர் அனுப்புவது ‘அப்பாலஜீஸ்’. கூட்டக் குறிப்பின் தொடக்கத்தில் ‘அப்பாலஜீஸ் ஃபார் ஆப்சென்ஸ்’ என்று ஒரு தலைப்பே இருக்கும். அதன் கீழே உள்ள பெயர்களைப் பார்த்து ‘இவர்கள் என்ன தப்பு செய்தார்கள்’ என்று கேட்கக் கூடாது.

---

கரிசல்:

‘ஐம் அஃப்ரெய்ட்’டில் பயம் இல்லை. எதிரில் இருப்பவருக்குப் பிடிக்காத செய்தியைச் சொல்லப்போகிறேன் என்பதற்கான அறிவிப்பு மணி அது. ‘ஐம் அஃப்ரெய்ட் வி ஆர் ஃபுல்லி புக்டு’ என்பதைத் தமிழில் ‘மன்னிக்கணும், இடம் இல்லைங்க’ என்போம். வாக்கியத்தின் கடைசியிலும் வரும்: ‘வி ஆர் க்ளோஸ்டு, ஐம் அஃப்ரெய்ட்.’ தனியாகப் பதிலாகவும் வரும்: ‘ஐம் அஃப்ரெய்ட் ஸோ’ என்றால் வருத்தமான ஆமாம், ‘ஐம் அஃப்ரெய்ட் நாட்’ என்றால் வருத்தமான இல்லை.

இரண்டு எச்சரிக்கை. ‘ஆஃப்’ சேர்த்தால் உண்மையான பயம் வந்துவிடும். ‘ஹி இஸ் அஃப்ரெய்ட்’ என்று படர்க்கைக்கு மாற்றினாலும் படிப்பவர் முதலில் பயத்தைத்தான் நினைப்பார். இந்தப் பணிவுப் பயன்பாடு ‘ஐ’, ‘வி’ இரண்டோடும்தான் நன்றாக உட்காரும்.

எழுத்தில் இதே வேலையை ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர்: ‘ரிக்ரெட்ஃபுல்லி’ என்றால் மனவருத்தத்தோடு, ‘ரிக்ரெட்டபிளி’ என்றால் வருந்தத்தக்க விதமாக. முதலாவது ஆளின் மனநிலை, இரண்டாவது நிகழ்வின் தன்மை. ‘ரிக்ரெட்ஃபுல்லி, த ஈவன்ட் இஸ் கேன்சல்டு’ என்று பலர் எழுதுகிறார்கள், அகராதிகளும் பதிவு செய்திருக்கின்றன. ஆனாலும் கறாரான எடிட்டர் அடிக்கோடு போடுவார். அந்த இடத்தில் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ போட்டுவிட்டால் சண்டை இல்லை.

---

அரைப்புள்ளி:

கடிதத்துக்கு வருகிறேன். மூன்று வாக்கியத்தில் மிக மோசமானது நடுவில் இருப்பது. ‘வி ஃபீல் சாரி ஃபார் யூ’ என்றால் ‘உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது’. இலக்கணம் சுத்தம், பொருள் விபரீதம். சாரிக்குப் பின் ‘ஃபார்’ வந்து அதன்பின் ஓர் ஆள் வந்தால் இரக்கம்; செயலோ பொருளோ வந்தால் வருத்தம் அல்லது மன்னிப்பு. அதிலும் ‘ஃபீல்’ சேர்ந்துவிட்டால் பரிதாபம் உறுதி.

சாரிக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சாரி டு’ இப்போது நடப்பதற்கும் இதோ செய்யப்போவதற்கும்: ‘சாரி டு பாதர் யூ’ என்று சொல்லிவிட்டுத்தான் தொந்தரவு செய்வார்கள். முடிந்துபோனதற்கு ‘சாரி ஃபார் கீப்பிங் யூ வெயிட்டிங்’ அல்லது ‘சாரி டு ஹாவ் கெப்ட் யூ வெயிட்டிங்’. ‘சாரி டு ஹியர்’ என்பது பிறர் துன்பம் கேட்டுச் சொல்வது, அதில் மன்னிப்பின் வாடையே இல்லை. ‘சாரி அபௌட்’ கொஞ்சம் இலேசு: சத்தம், குப்பை, நேற்று நடந்தது என்று ஒரு சூழ்நிலையைச் சுட்டும். ‘சாரி ஃபார்’ பொறுப்பைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்கும். இந்தக் கோடு எல்லா இடத்திலும் கறாராக இருக்காது. ‘டிலே’க்கு இரண்டும் ஓடும்.

ஆபத்தான இரண்டு ஒட்டுகள் ‘இஃப்’, ‘பட்’. ‘சாரி, பட்’ வந்தால் அடுத்து வருவது மறுப்பு. ‘சாரி இஃப்’ நேர்மையாக இருக்க வேண்டுமானால் எதிராளிக்குத் தொந்தரவு நேர்ந்ததா என்று உங்களுக்கே தெரியாத நிலை இருக்க வேண்டும். தெரிந்த பின்னும் ‘இஃப் எனி இன்கன்வீனியன்ஸ்’ என்று எழுதினால், ‘உமக்கு ஏதாவது சிரமம் ஆகியிருந்தால்’ என்று சந்தேகப்படுவது போல ஆகிறது. பொருள் வராமல் காத்திருக்கிறவருக்கு எரியத்தான் செய்யும். ‘சாரி யூ ஃபீல் தட் வே’ இன்னும் மோசம்: தவறு எங்களிடம் இல்லை, உங்கள் மனசில் இருக்கிறது என்று கைகழுவுவது.

செயப்பாட்டு வினையும் இதே குடும்பம். ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றால் தவறுகள் நடந்தன, செய்தவர் யாரோ. 1987 ஜனவரியில் அதிபர் ரீகன் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அமெரிக்கக் காங்கிரஸில் பேசும்போது ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். அந்தத் தொடர் இன்றுவரை நழுவல் பேச்சுக்கு எடுத்துக்காட்டாகச் சுற்றுகிறது.

‘கைன்ட்லி எக்ஸ்க்யூஸ் அஸ்’ பிழை இல்லை. ஆனால் கேட்பவருக்கு, அறையை விட்டு எழுந்து போக அனுமதி கேட்பது போலப் படும். ‘எக்ஸ்க்யூஸ்’ பெயர்ச்சொல்லானால் சாக்கு என்று பொருள் என்பதும் உதவாது. ‘ஃபர்கிவ்’ வணிகக் கடிதத்துக்குக் கனம் அதிகம்.

மன்னிப்பு என்று ஆங்கிலம் பேசுவோர் ஏற்றுக்கொள்வதில் ஐந்து உறுப்புகள் உண்டு: வருத்தச் சொல், காரணம், பொறுப்பேற்பு, பரிகாரம், இனி நடக்காது என்ற உறுதி. ஐந்தும் எப்போதும் தேவையில்லை. காலை மிதித்தால் முதலாவது போதும். ஆர்டர் தாமதத்துக்குக் குறைந்தது மூன்று வேண்டும், அதிலும் பரிகாரம் தவறக் கூடாது. நம்மவர் கடிதங்களில் வருத்தச் சொல்லே நாலு முறை வரும், பொருள் எந்தத் தேதியில் வரும் என்பது இருக்காது. இப்படி மாற்றலாம்:

‘வி அப்பாலஜைஸ் ஃபார் த டிலே இன் சென்டிங் யுவர் ஆர்டர். வி என்டர்டு த ராங் அட்ரஸ். எ ரீப்ளேஸ்மென்ட் லெஃப்ட் டுடே அண்ட் வில் ரீச் யூ பை ஃப்ரைடே.’

உண்மைக் காரணத்தையும் தேதியையும் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். ‘சின்சியர்லி’, ‘டீப்லி’ எதுவும் இல்லாமலே இது கனமாக இருக்கும்.

அப்பாலஜைஸுக்கும் ஒரு கண்ணி உண்டு: ‘அப்பாலஜைஸ் யூ’ கிடையாது. ஆளுக்கு ‘டு’, செயலுக்கு ‘ஃபார்’.

---

தாழம்பூ:

பரிதாபப்பட்டது தெரியாமலே போயிருக்கிறது! நன்றி அரைப்புள்ளி. ஆனால் உங்கள் திருத்தத்தில் ‘முகவரியைத் தவறாகப் பதிந்துவிட்டோம்’ என்று நாமே எழுதிக் கொடுக்கிறோமே, சட்டப்படி மாட்டிக்கொள்ள மாட்டோமா? பெரிய நிறுவனங்கள் ‘ரிக்ரெட்’டோடு நிறுத்திக்கொள்வது அதனால்தானா?

---

எதிர்க்காற்று:

ஆமாம், பெரும்பாலும் அதனால்தான். ‘ரிக்ரெட்’ நடந்ததைப் பற்றிய உணர்ச்சி. ‘அப்பாலஜைஸ்’ நடந்ததற்குப் பொறுப்பேற்கும் செயல். சோதித்துப் பார்க்க எளிய வழி: ‘ஹியர்பை’ (இதன் மூலம்) என்ற சொல்லை நுழைத்துப் பாருங்கள். ‘ஐ ஹியர்பை அப்பாலஜைஸ்’ நிற்கும், ஏனென்றால் சொல்வதே செய்வது. ‘ஐ ஹியர்பை ரிக்ரெட்’ நொண்டும். ‘சாரி’ இரண்டுக்கும் நடுவே, இருபக்கமும் சாயும்.

அரசுகள் இந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1999 ஆகஸ்டில் பிரதமர் ஜான் ஹாவர்ட் கொண்டுவந்த தீர்மானம், பழங்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளுக்கு ‘டீப் அண்ட் சின்சியர் ரிக்ரெட்’ தெரிவித்தது. பெற்றோரிடமிருந்து அரசால் பிரிக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளின் தலைமுறைகளுக்கு அது போதவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் ‘வி அப்பாலஜைஸ்’ என்றும் ‘வி ஸே சாரி’ என்றும் சொன்ன பிறகே அது மன்னிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரல் 10 அன்று அப்போதைய பிரதமர் தெரசா மே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சொன்னது ‘வி டீப்லி ரிக்ரெட்’. அப்பாலஜி என்ற சொல்லை முறைப்படி கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

‘சாரி’யின் இரட்டை முகத்துக்கு 2001 நல்ல சாட்சி. ஏப்ரல் 1 அன்று தென்சீனக் கடலின் மேலே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் அனுமதியின்றி இறங்கியது. 24 பேர் சீனாவின் பிடியில். ஏப்ரல் 11 கடிதத்தில் அமெரிக்கா இரண்டு இடத்தில் ‘வெரி சாரி’ போட்டது: விமானியின் இழப்புக்கு ஒன்று, வாய்மொழி அனுமதி பெறாமல் வான்வெளியில் நுழைந்து இறங்கியதற்கு ஒன்று. ‘அப்பாலஜைஸ்’ எங்கும் இல்லை. வருத்தம்தான் தெரிவித்தோம் என்றது ஒரு தரப்பு. மன்னிப்புக் கேட்டார்கள் என்று எடுத்துக்கொண்டது மறுதரப்பு. ஆட்கள் வீடு திரும்பினார்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்து, வேல்ஸில் 2006ஆம் ஆண்டின் காம்பன்சேஷன் ஆக்ட், மன்னிப்புக் கேட்பது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 2009இல் அப்பாலஜி ஆக்ட் வந்தது. அமெரிக்காவில் இத்தகைய சட்டத்தை முதலில் போட்டது மாசசூசெட்ஸ், 1986இல். ஆனால் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் விபத்து வழக்கில் அனுதாபச் சொல்லுக்குத்தான் பாதுகாப்பு, ‘தப்பு என்னுடையது’ என்ற பகுதிக்கு இல்லை. அங்கே ‘ஐம் சாரி யூ வேர் ஹர்ட்’ ஒரு வாக்கியம், ‘ஐ டிட்ன்ட் ஸீ த ரெட் லைட்’ வேறு வாக்கியம். முன்னது பாதுகாப்புக்குள், பின்னது வெளியே.

தாமதமான பார்சலுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டாம். காயம், உயிரிழப்பு, பெரிய பண இழப்பு என்றால் அனுப்பும் முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

---

மரகதப்புறா:

கடிதத்தை விடுங்கள். பேச்சில் ஆங்கிலம் பேசுவோர் ‘ஐ ரிக்ரெட்’ என்று சொல்வது குறைவு. அவர்களுக்கு வருத்தம் வினையின் காலத்தில் இருக்கிறது: ‘ஐ விஷ் ஐ ஹாட் ஸ்டடீட்’, ‘இஃப் ஒன்லி ஐ ஹாட் ஆஸ்க்டு’, ‘ஐ ஷுட் ஹாவ் கால்டு’. நாம் ‘படித்திருக்கலாம்’, ‘ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா’ என்கிறோமே, அதே வேலை. ‘விஷ்’, ‘இஃப் ஒன்லி’ இரண்டிலும் கடந்துபோனதற்கு ‘ஹாட்’ வேண்டும். இப்போதைய குறைக்கு ஒரு படி பின்னால் போனால் போதும்: ‘ஐ விஷ் ஐ நியூ’ என்றால் இப்போது தெரியவில்லையே. ‘விஷ்’ஷுக்குப் பின் நிகழ்காலம் போட்டு ‘ஐ விஷ் ஐ நோ’ என்பது நம்மவர்களின் நிரந்தரப் பிழை.

தாய்மொழிக்காரர்களின் பிழைகளும் தெரிந்திருக்கட்டும். ‘ஷுட்’வ்’ காதில் ‘ஷுட் ஆஃப்’ போல விழுவதால் பலர் அப்படியே எழுதுகிறார்கள். அமெரிக்கப் பேச்சில் ‘ஐ விஷ் ஐ வுட் ஹாவ்’ சர்வசாதாரணம். இரண்டையும் காதால் கேளுங்கள், கையால் எழுதாதீர்கள்.

ஆள் மாறினால் வருத்தம் குற்றச்சாட்டாகும். ‘ஐ ஷுட் ஹாவ் டோல்டு யூ’ என் வருத்தம்; ‘யூ ஷுட் ஹாவ் டோல்டு மீ’ உன் மேல் புகார். ‘ஐ விஷ் யூ வுட் ஸ்டாப்’ வருத்தமே இல்லை, எரிச்சல். பரிசை வாங்கிக்கொண்டு ‘யூ ஷுட்ன்ட் ஹாவ்!’ என்று ஒருவர் சொன்னால் பரிசைத் திருப்பி வாங்கிவிடாதீர்கள். ‘எதுக்கு இதெல்லாம்’ என்று நாம் சொல்லும் அதே நன்றிதான்.

அடைமொழிக்கு வருவோம். ரிக்ரெட்டோடு டீப்லி, பிட்டர்லி, சின்சியர்லி சேரும், ‘ஹைலி’ சேராது. பிட்டர்லி சொந்த முடிவை நினைத்துக் குமைவதற்கு, நிறுவனக் கடிதத்தில் வராது. அப்பாலஜைஸோடு ‘அன்ரிசர்வ்ட்லி’ வந்தால் சாக்குப்போக்கில்லாத மன்னிப்பு. அவதூறு வழக்கில் சமரசமான பிரிட்டிஷ் பத்திரிகைகள் அச்சிடும் வாசகத்தில் பார்க்கலாம். ‘ப்ரொஃப்யூஸ்லி’ (திரும்பத் திரும்ப, மிகுதியாக) பெரும்பாலும் மூன்றாவது ஆள் வர்ணிக்கும் சொல். சாரியோடு ஸோ, வெரி, ரியலி, டெரிபிளி. ‘ஆஃபுலி சாரி’ பழைய பிரிட்டிஷ் வாடை.

‘ரிமோர்ஸ்’ஸை, அதாவது குற்ற உணர்வோடு வருந்துவதை, ரிக்ரெட்டுக்கு மாற்றாகப் போடாதீர்கள். வேலையை விட்டதற்கு ரிக்ரெட், ஒருவரை ஏமாற்றியதற்கு ரிமோர்ஸ். நீதிமன்றம் தண்டனை முடிவு செய்யும்போது பார்ப்பது இதைத்தான். இங்கிலாந்தின் தண்டனை வழிகாட்டுதல்களில் ரிமோர்ஸ் தண்டனையைக் குறைக்கும் காரணங்களில் ஒன்று. விதிவிலக்கு ‘பையர்ஸ் ரிமோர்ஸ்’: பெரிய தொகைக்கு வாங்கிவிட்டு ஏன் வாங்கினோம் என்று கைபிசைவது. அங்கே பாவம் எதுவும் இல்லை, பர்ஸ்தான் இளைத்திருக்கிறது.

---

கரிசல்:

ஒன்று விட்டுப்போயிற்று: சாரிக்குப் பதில் சொல்வது. ‘யூ ஆர் வெல்கம்’ நன்றிக்குரிய பதில், சாரிக்குச் சொன்னால் விழிப்பார்கள். சில்லறை விஷயத்துக்கு ‘தட்ஸ் ஆல் ரைட்’, ‘நோ வொரீஸ்’, ‘டோன்ட் வொரி அபௌட் இட்’. ‘அப்பாலஜி அக்செப்டட்’ விளையாட்டாகவோ விறைப்பாகவோ ஒலிக்கும். விஷயம் பெரிது, பரவாயில்லை என்று சொல்ல மனமில்லை, ஆனால் முகத்தையும் முறிக்க வேண்டாம் என்றால் ‘தேங்க் யூ ஃபார் ஸேயிங் தட்’. துக்கத்தில் ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பவரிடம் ‘தேங்க் யூ’ என்றால் போதும். ‘இட்ஸ் ஓகே’ வேண்டாம், ‘நீங்கள் ஏன் சாரி சொல்கிறீர்கள்’ என்பதும் வேண்டாம்.

குரல் மேலே ஏறி ‘சாரி?’ என்று முடிந்தால் அது வருத்தமே இல்லை, காதில் விழவில்லை என்று பொருள். சொன்னதை இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.